பதிப்புரிமைச் சட்டத்தின் தோற்றம்: 1710 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்னணியும்

மாணவர்களே, பதிப்புரிமையின் தோற்றம் பற்றி வினவப்படும்போது உங்களிற் பலர், 1710 ஆம் ஆண்டு ஆன் மகாராணியின் காலத்தில் முதலாவது பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது என ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவீர்கள். அவ்வாக்கியம் சரியானதே. ஆயினும் அது "எப்போது" என்பதற்கு மட்டுமே விடையளிக்கின்றது. அச்சிடும் உரிமை அதற்கு முன்னர் யாருடைய கையில் இருந்தது? அது ஏன் நூலாசிரியருக்கு வழங்கப்பட்டது? வழங்கிய உரிமைக்கு ஏன் காலவரையறை இடப்பட்டது? இவற்றுள் மூன்றாவது வினாவே மிக முக்கியமானது. அதற்காகவே பிரித்தானியாவின் புத்தக வணிகர்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினர்.

அச்சியந்திரத்துக்கு முன்

கையால் எழுதிப் பிரதி செய்த காலத்தில் பிரதி செய்வது குற்றமாகக் கருதப்படவில்லை. அது கடும் உழைப்பு. ஐரோப்பிய மடாலயங்களில் ஒரு நூலைப் பிரதி செய்ய மாதக்கணக்காகும். நமது நாட்டில் ஏடெழுதியவர்களின் நிலையும் அவ்வாறானதே. ஒரு நூல் அழியாமல் இருக்க வேண்டுமாயின் யாராவது அதனைப் பிரதி செய்தேயாக வேண்டும்.

எனினும் பிறருடைய ஆக்கத்தைத் தன்னுடையது எனக் கூறிக்கொள்வது அக்காலத்திலும் இழிவாகவே கருதப்பட்டது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த மார்ஷியல் என்ற கவிஞர், தன் கவிதைகளைத் தமதென வாசித்துத் திரிந்த ஒருவரை ஆள் கடத்துபவருக்கு ஒப்பிட்டார். இலக்கியத் திருட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய பிளேஜரிசம் அவர் பயன்படுத்திய இலத்தீன் சொல்லிலிருந்தே பிறந்தது. ஆனால் மார்ஷியல் தன் பாட்டினால் அவரை அவமானப்படுத்த முடிந்ததேயன்றி, வழக்குத் தொடர அங்கு சட்டம் எதுவும் இருக்கவில்லை.

இலக்கியத் திருட்டு வேறு, பதிப்புரிமை மீறல் வேறு என்பதை இங்கேயே மனதிற் பதித்துக்கொள்ளுங்கள். ஒருவர் நூலாசிரியரின் பெயரைச் சரியாக அச்சிட்டு, அவருடைய அனுமதியின்றி ஆயிரம் பிரதிகள் விற்றால் அது இலக்கியத் திருட்டு ஆகாது. ஆனால் பதிப்புரிமை மீறல் ஆகும். விடைத்தாள்களில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

வெனிஸ் நகரின் சிறப்புரிமைகள்

ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பேர்க் 1450களில் அசையும் எழுத்துகளைக் கொண்டு அச்சிடத் தொடங்கினார். அதன் பின்னர் நிலைமை தலைகீழானது. ஒரு நூலை முதன்முதலாக அச்சிடுபவர் எழுத்து, தாள், கூலி, பிழைதிருத்தம் என எல்லாவற்றுக்கும் செலவிடுகிறார். அடுத்த தெருவிலுள்ள அச்சகத்தார் அதன் ஒரு பிரதியை வாங்கி, பிழைதிருத்தும் செலவுகூட இல்லாமல் அச்சிட்டு மலிவாக விற்கிறார். முதலாமவர் நட்டமடைகிறார். பாதுகாப்புத் தேவை என்ற குரல் முதலில் அச்சகத்தாரிடமிருந்தே எழுந்தது. எழுத்தாளரிடமிருந்து எழவில்லை.

அக்காலத்தில் அச்சுத் தொழிலின் பெரும் மையமாக விளங்கியது இத்தாலியின் வெனிஸ் குடியரசு. 1469 இல் ஸ்பையர் நகரைச் சேர்ந்த ஜொஹான் என்ற ஜேர்மனியருக்கு, வெனிசில் ஐந்து ஆண்டுகளுக்கு அவர் ஒருவரே நூல்களை அச்சிடலாம் என்ற சிறப்புரிமை வழங்கப்பட்டது. அது ஒரு நூலுக்கான உரிமையன்று. முழுத் தொழிலுக்குமான ஏகபோகமாகும். மறு ஆண்டே அவர் இறந்ததால் அது செயலிழந்தது. அவர் இறந்திராவிட்டால் வெனிஸ் அச்சுக் கலையின் தலைநகரமாகியிருக்குமா என்பது ஐயமே.

1486 இல் மார்க்கன்ரோனியோ சபெலிக்கோ என்ற வரலாற்றாசிரியருக்குக் கிடைத்த சிறப்புரிமை வேறு வகையானது. வெனிசின் வரலாறு பற்றி அவர் எழுதிய நூலை எந்த அச்சகத்தார் அச்சிடலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்கே அளிக்கப்பட்டது. மீறுவோருக்கு 500 டக்கற் தண்டம் விதிக்கப்பட்டது. நூலாசிரியர் ஒருவர் பெற்ற உரிமைகளுள் நாம் அறிந்த மிகப் பழைய ஒன்று இதுவாகும்.

அப்படியாயின் 1486 ஐ ஏன் பதிப்புரிமைச் சட்டத்தின் தொடக்கம் எனக் கொள்வதில்லை? சபெலிக்கோவுக்குக் கிடைத்தது அரசின் தயவு. அவருடைய அயல்வீட்டில் இன்னொரு நூலாசிரியர் இருந்திருந்தால் அவருக்கு அவ்வுரிமை தானாகவே கிடைத்திராது. அவரும் விண்ணப்பித்துப் பெற வேண்டும். எல்லோருக்கும் பொதுவான விதி இருந்தால் மட்டுமே அதனைச் சட்ட உரிமை என்கிறோம். வெனிசின் பத்துப்பேர் அவை 1545 இல் நூலாசிரியரின் சம்மதமின்றி நூலை அச்சிடக்கூடாது எனக் கட்டளையிட்டபோது அந்நிலையை நோக்கி ஓர் அடி வைக்கப்பட்டது. ஆயினும் நூலாசிரியரின் உரிமையும் அதன் கால எல்லையும் விரிவாக வகுக்கப்பட்டது பிரித்தானியாவிலேயாகும்.

இலண்டன் ஸ்ரேசனர்ஸ் கொம்பனி

வில்லியம் கக்ஸ்ரன் 1476 இல் இலண்டனுக்கு அருகிலுள்ள வெஸ்ற்மின்ஸ்ரரில் அச்சியந்திரத்தை நிறுவினார். எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1557 இல், அச்சகத்தார், நூல் கட்டுநர், புத்தக வணிகர் ஆகியோரைக் கொண்ட ஸ்ரேசனர்ஸ் கொம்பனிக்கு மேரி அரசியும் அவர் கணவர் பிலிப்பும் அரச பட்டயம் வழங்கினர். இதன்படி மிகச் சில விதிவிலக்குகள் தவிர, கொம்பனியின் உறுப்பினரே இங்கிலாந்தில் அச்சிடலாம்.

அரசி இச்சலுகையை ஏன் வழங்கினார்? கத்தோலிக்கரான மேரி, தமது மதத்துக்கும் ஆட்சிக்கும் எதிரான புரட்டஸ்தாந்து நூல்களைத் தடுக்க விரும்பினார். ஒவ்வோர் அச்சகத்துக்கும் காவலாளை அனுப்புவதைவிட, அச்சகத்தாரையே காவலாளாக்குவது இலகு. கொம்பனியின் அதிகாரிகள் அச்சகங்களைச் சோதனையிட்டு, அனுமதியற்ற நூல்களைக் கைப்பற்றலாம். அதற்குக் கைம்மாறாகத் தொழில் முழுவதும் அவர்கள் கையில் விடப்பட்டது. அரசுக்குத் தணிக்கை, வணிகருக்கு ஏகபோகம். எழுதியவர் இந்த உடன்பாட்டில் இடம்பெறவில்லை.

கொம்பனியின் மண்டபத்தில் ஒரு பதிவேடு இருந்தது. உறுப்பினர் ஒருவர் ஒரு நூலின் தலைப்பை அதில் பதிந்தால், அதன்பின் மற்ற உறுப்பினர் அதனை அச்சிட முடியாது. அந்த உரிமைக்குக் கால எல்லை இருக்கவில்லை. அதனை விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். அவர்கள் அச்சிட வைத்திருந்த மூலப்படியையும் அதன்மீதான உரிமையையும் "கொப்பி" என்றே அழைத்தனர். நாம் அப்பியாசப் புத்தகத்துக்குச் சொல்லும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் பதிப்புரிமையைக் குறிக்கும் கொப்பிறைற் என்ற சொல்லின் வேர் இந்தப் பதிவேட்டிலேயே உள்ளது.

எழுதியவரின் நிலைக்கு ஜோன் மில்டன் நல்ல உதாரணம். ஆங்கிலத்தின் தலைசிறந்த காவியங்களுள் ஒன்றாகிய பரடைஸ் லொஸ்ற் நூலை அவர் 1667 ஏப்ரல் 27 ஆந் திகதி சாமுவேல் சிமன்ஸ் என்ற அச்சகத்தாருக்கு விற்றார். உடனடியாக 5 பவுண். முதற் பதிப்பில் 1300 பிரதிகள் விற்றபின் மேலும் 5 பவுண். இரண்டாம், மூன்றாம் பதிப்புகள் விற்றால் இன்னும் ஐந்து ஐந்து பவுண் எனவும் எழுதப்பட்டது. மில்டன் உயிருடன் இருக்கும்போது பெற்றது 10 பவுண். அவர் 1674 இல் இறந்தார். 1680 இல் அவருடைய விதவை எஞ்சிய எல்லா உரிமைகளையும் 8 பவுணுக்கு விட்டுக்கொடுத்தார். பின்னர் அவ்வுரிமை ஜேக்கப் ரொன்சன் என்ற வணிகரின் கைக்குச் சென்றது. அவரும் அவர் குடும்பத்தாரும் அக்காவியத்தைத் தலைமுறை தலைமுறையாக அச்சிட்டுச் செல்வம் சேர்த்தனர்.

1695: பூட்டுத் திறக்கப்படுகின்றது

1662 ஆம் ஆண்டின் அனுமதிச் சட்டம் இந்தப் பழைய ஏற்பாட்டுக்குப் பாராளுமன்றத்தின் வலுவை அளித்தது. அது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் சட்டமாதலால் அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1695 இல் பாராளுமன்றம் அதனைப் புதுப்பிக்கவில்லை. மெய்யியலாளர் ஜோன் லொக் இச்சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருவர். பண்டைய இலத்தீன் நூல்களுக்குக்கூடக் கொம்பனி உரிமை கொண்டாடுவதால் நல்ல பதிப்புகள் கிடைப்பதில்லை என்பது அவருடைய குறைகளுள் ஒன்று. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவரின் நூலுக்கு இலண்டன் வணிகர் ஒருவர் எவ்வாறு உரிமையாளராவார்?

சட்டம் காலாவதியானதும் இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. ஒன்று, அச்சிடுவதற்கு முன் அனுமதி பெறும் முறை இல்லாதொழிந்து பத்திரிகைகள் பெருகின. மற்றையது, கொம்பனியின் பதிவேட்டுக்குச் சட்டத்தின் துணை இல்லாமற் போனது. யாரும் எதையும் மறுபதிப்புச் செய்யலாம் என்ற நிலை உருவானது. டானியல் டீபோ தன் கவிதை நூல் அனுமதியின்றிப் பலமுறை அச்சிடப்பட்டதைக் கண்டு, நூலாசிரியரைப் பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என 1704 முதல் எழுதலானார்.

வணிகர்கள் முதலில் பழைய தணிக்கை முறையையே மீண்டும் கொண்டுவருமாறு பாராளுமன்றத்தை வேண்டினர். அது பலிக்கவில்லை. பின்னர் அவர்கள் வாதத்தை மாற்றினர். களவாக அச்சிடுவதால் நூலாசிரியர்களும் அவர்களுடைய குடும்பங்களும் அழிகின்றன, கல்வி குன்றுகின்றது என முறையிட்டனர். மில்டனின் விதவைக்கு 8 பவுண் கொடுத்த தொழிற்றுறை நூலாசிரியரின் குடும்பத்துக்காகக் கண்ணீர் வடித்தது சற்று வேடிக்கையானதே. ஆனால் அந்த வாதம் வெற்றி பெற்றது. வணிகர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வெற்றி பெற்றது எனலாம்.

1710 ஆம் ஆண்டுச் சட்டம்

இச்சட்டம் 1710 ஏப்ரல் 10 இல் நடைமுறைக்கு வந்தது. கல்வியை ஊக்குவிப்பதற்கான சட்டம் எனவே அதன் தலைப்புத் தொடங்குகின்றது. ஆன் மகாராணியின் சட்டம் என்பது பிற்கால வழக்காகும். 1707 இல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் இணைந்துவிட்டமையால் இதனை "இங்கிலாந்துச் சட்டம்" என எழுதுவதைவிடப் பெரிய பிரித்தானியாவின் சட்டம் என எழுதுவதே பொருத்தமானது. ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் பின்னர் இக்கதையில் வரவிருப்பதால் இதனை நினைவில் வைத்திருங்கள்.

புதிய நூல் ஒன்றுக்கு, வெளியிட்ட நாளிலிருந்து 14 ஆண்டுகளுக்கு நூலாசிரியருக்கோ அவரிடமிருந்து உரிமையை வாங்கியவருக்கோ மட்டுமே அச்சிடும் உரிமை உண்டு. 14 ஆண்டுகள் முடியும்போது நூலாசிரியர் உயிருடன் இருந்தால், உரிமை மேலும் 14 ஆண்டுகளுக்கு அவரிடமே திரும்பும். ஏற்கெனவே அச்சான நூல்களுக்கு 1710 இலிருந்து 21 ஆண்டுகள் மட்டும் வழங்கப்பட்டன. அதாவது மில்டனின் காவியம் உட்பட வணிகர்களின் பழைய சொத்துகள் யாவும் 1731 உடன் விடுபட வேண்டும்.

உரிமையை நிலைநாட்ட விரும்புபவர் நூலை வெளியிடுமுன் ஸ்ரேசனர்ஸ் மண்டபத்தின் பதிவேட்டில் பதிய வேண்டும். முக்கிய நூலகங்களுக்கென 9 பிரதிகளை வழங்க வேண்டும். அனுமதியின்றி அச்சிடுபவரின் பிரதிகள் கழிவுத் தாளாக்கப்படும். அவரிடம் காணப்படும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பென்னி தண்டம். அதில் பாதி முடிக்கும் பாதி வழக்குத் தொடுத்தவருக்கும் சேரும். நூலின் விலை அநியாயமாக உயர்ந்தது என எவரும் முறையிடலாம் என்ற பிரிவும் அதில் இருந்தது. கன்ரபரிப் பேராயர் போன்றோர் அதனை விசாரித்து விலையைக் குறைக்கலாம். இந்தப் பிரிவு 1739 இல் நீக்கப்பட்டது. ஆயினும் சட்டத்தை இயற்றியவர்கள் வாசகரையும் எண்ணிப் பார்த்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

இச்சட்டத்தின் புதுமை எது என வினவப்பட்டால் இரண்டு விடயங்களைக் குறிப்பிடுங்கள். முதலாவது, உரிமையின் ஊற்றாக நூலாசிரியர் சட்டத்தில் இடம்பெற்றமை. கொம்பனியின் உறுப்பினரல்லாத எவரும் இனிப் பதிப்புரிமை வைத்திருக்கலாம். இரண்டாவது, உரிமைக்கு முடிவு வைக்கப்பட்டமை. புள்ளி பெறுவதற்கு முதலாவதை எல்லோரும் எழுதுவர். இரண்டாவதை விளக்குபவர் சிலரே.

சட்டம் நூல்களை மட்டுமே குறிப்பிட்டது. வில்லியம் ஹோகாத் என்ற ஓவியரின் செதுக்குப் படங்கள் பரவலாகக் களவாக அச்சிடப்பட்டன. அவரும் ஏனைய ஓவியர்களும் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்ததால் 1735 இல் செதுக்குப் படங்களுக்கும் 14 ஆண்டுப் பாதுகாப்புக் கிடைத்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வரும்வரை ஹோகாத் தனது அடுத்த படத்தொடரை வெளியிடாமல் காத்திருந்தார். 1741 இல் அலெக்சாண்டர் போப் என்ற கவிஞர், தன் கடிதங்களை அச்சிட்ட எட்மண்ட் கேள் மீது வழக்குத் தொடுத்தார். கடிதம் எழுதப்பட்ட தாள் அதனைப் பெற்றவருக்குச் சொந்தமாகலாம், ஆனால் அதனை அச்சிடும் உரிமை எழுதியவருக்கே உரியது எனத் தீர்க்கப்பட்டது. ஒரு புத்தகத்தை விலைகொடுத்து வாங்கிய நீங்கள் அதனை அச்சிட்டு விற்க முடியாதது ஏன் என்பதற்கும் இதுவே அடிப்படையாகும்.

என்றென்றைக்குமான உரிமையா?

1731 வந்தது. பழைய நூல்களின் 21 ஆண்டுகள் முடிந்தன. இலண்டன் வணிகர்கள் காலத்தை நீடிக்குமாறு பாராளுமன்றத்தைக் கேட்டுத் தோல்வியுற்றனர். பின்னர் வேறு வழியைத் தேர்ந்தனர். 1710 ஆம் ஆண்டுச் சட்டம் மேலதிகமான பாதுகாப்பு மட்டுமே. அதற்கு முன்பே பொதுச் சட்டத்தின்படி எழுதியவருக்குத் தன் ஆக்கத்தின் மீது முடிவற்ற சொத்துரிமை உண்டு. அதனை நாம் விலைக்கு வாங்கியுள்ளோம் என வாதிட்டனர். ஒருவர் தன் கையால் வெட்டித் திருத்திய காணி அவருடையது, 14 ஆண்டுகளில் அதனை யாரும் பறிப்பதில்லை. அவ்வாறாயின் தன் மூளையால் ஆக்கிய நூல் மட்டும் ஏன் பறிபோக வேண்டும்? இவ்வாதம் இலேசானதன்று. சற்று நிறுத்தி, நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன விடை கூறுவீர்கள் எனச் சிந்தித்துப் பாருங்கள்.

போராட்டம் ஜேம்ஸ் தொம்சன் என்ற கவிஞரின் "பருவங்கள்" எனப் பொருள்படும் நூலைச் சுற்றி நடந்தது. தொம்சன் 1748 இல் இறந்துவிட்டார். உரிமை அன்றூ மில்லர் என்ற இலண்டன் வணிகரிடம் இருந்தது. ரொபேட் ரெய்லர் என்பவர் அந்நூலை மறுபதிப்புச் செய்யவே, மில்லர் வழக்கிட்டார். 1769 இல் மான்ஸ்பீல்ட் பிரபுவின் தலைமையிலான நீதிமன்றம் மில்லருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நூலாசிரியரின் உரிமை பொதுச் சட்டத்தில் முடிவற்றது என்றது. நான்கு நீதிபதிகளுள் யேற்ஸ் மட்டும் உடன்படவில்லை. வெளியிடப்பட்ட கருத்தை வேலியிட்டு அடைக்க முடியாது என்பது அவருடைய நிலைப்பாடாக இருந்தது. மில்லரோ தீர்ப்பைக் கேட்க இருக்கவில்லை. அவர் 1768 இலேயே இறந்துவிட்டார். அவருடைய சொத்துகள் விற்கப்பட்டபோது தோமஸ் பெக்கெற்றும் வேறு சிலரும் "பருவங்கள்" நூலின் உரிமையை 505 பவுணுக்கு வாங்கினர்.

ஸ்கொட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் டொனால்ட்சன் காலம் முடிந்த நூல்களை மலிவாக அச்சிடுவதையே தொழிலாகக் கொண்டிருந்தார். இலண்டனிலேயே கடை திறந்து, அங்குள்ள வணிகரின் விலையிலும் குறைத்து விற்றார். இலண்டன் வணிகருக்கு அவர் கள்ளப் பதிப்பாளர். பணவசதியற்ற வாசகருக்கு அவர் உபகாரி. ஸ்கொட்லாந்தின் உயர் நீதிமன்றம் 1773 இல் முடிவற்ற உரிமை என ஒன்றில்லை எனத் தீர்த்தது. ஆகவே ஒரே சட்டத்துக்கு இலண்டனில் ஒரு பொருளும் எடின்பரோவில் வேறொரு பொருளும் இருந்தன. "பருவங்கள்" நூலை அச்சிட்டமைக்காகப் பெக்கெற் டொனால்ட்சனுக்கு எதிராகத் தடையுத்தரவு பெற்றார். டொனால்ட்சன் பிரபுக்கள் சபைக்கு மேன்முறையீடு செய்தார்.

1774 பெப்ரவரி 22 ஆந் திகதி பிரபுக்கள் சபை டொனால்ட்சனுக்குச் சார்பாகத் தீர்த்தது. முடிவற்ற உரிமையை ஏற்றால் அறிவு முழுவதும் சில புத்தக வணிகரின் கையில் சிறைப்பட்டுவிடும், அவர்கள் கேட்ட விலையே விலையாகும் எனக் கம்டன் பிரபு கடுமையாக எச்சரித்திருந்தார். சட்டம் குறித்த ஆண்டுகள் முடிந்ததும் நூல் எல்லோருக்கும் உரியதாகும் என்பது அன்று உறுதியானது. செய்தி எடின்பரோவை அடைந்ததும் அங்கு மகிழ்ச்சித் தீ மூட்டிக் கொண்டாடினர். ஒரு வழக்கின் தீர்ப்புக்காக ஊரே தீ மூட்டியதென்றால், மலிவான புத்தகம் அன்று எவ்வளவு பெரிய விடயம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அடுத்த சில ஆண்டுகளிலேயே ஜோன் பெல் என்ற வணிகர் ஆங்கிலக் கவிஞர்களின் பாடல்களை 109 சிறு தொகுதிகளாக அச்சிட்டு விற்றார்.

ஏனைய நாடுகளும் இலங்கையும்

ஐக்கிய அமெரிக்கா 1790 இல் இயற்றிய சட்டத்தில் பிரித்தானியாவின் 14 உம் 14 உம் என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டது. பிரான்ஸ் புரட்சிக் காலத்தில், 1793 இல், நூலாசிரியரின் வாழ்நாளுடன் அவர் இறந்தபின் 10 ஆண்டுகள் என வகுத்தது. வெளியிட்ட நாளிலிருந்து எண்ணுவதை விட்டு ஆசிரியரின் வாழ்நாளை அளவுகோலாகக் கொள்ளும் இம்முறையே பின்னர் உலகில் பரவியது. நாடு கடந்து உரிமையைக் காக்கும் பேர்ண் உடன்படிக்கை 1886 இல் கைச்சாத்தானது.

பிரித்தானியாவின் 1911 ஆம் ஆண்டுச் சட்டம் வாழ்நாளும் 50 ஆண்டுகளும் என்ற அளவை ஏற்றது. குடியேற்ற நாடாக இருந்த இலங்கையிலும் அச்சட்டமே நடைமுறையில் இருந்தது. 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவை அதனை நீக்கியது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கியோனின் வாழ்நாளும் அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. 1710 இல் ஒருவர் உச்ச அளவாகப் பெற்றது 28 ஆண்டுகள். இளவயதில் எழுதி முதுமையில் இறக்கும் ஒருவரின் நூல் இன்று நூறாண்டுக்கு மேலாகப் பாதுகாக்கப்படலாம். காலவரையறை என்ற கொள்கை நிலைத்துவிட்டது. ஆனால் அந்த வரையறை எங்கே இருக்க வேண்டும் என்ற வாதம் ஓயவில்லை.

பயிற்சி

1710 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒரு நிலைமைக்குப் பிரயோகித்துப் பாருங்கள். ஒருவர் 1712 மே மாதம் இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டு, உரிமையை வணிகருக்கு விற்கிறார். 1724 இல் அவர் இறக்கிறார். 1730 இல் எடின்பரோ அச்சகத்தார் ஒருவர் அந்நூலை மறுபதிப்புச் செய்கிறார். சட்டத்தின்படி இது மீறலா? முதல் 14 ஆண்டுகள் 1726 மே மாதத்துடன் முடிகின்றன. அப்போது நூலாசிரியர் உயிருடன் இல்லாததால் இரண்டாவது 14 ஆண்டுகள் தொடங்குவதில்லை. ஆகவே 1730 ஆம் ஆண்டு மறுபதிப்பு மீறலன்று. வணிகர் தான் பணம் கொடுத்து வாங்கியதாகக் கூறுவது இங்கு பயன்படாது; முடிந்துபோன உரிமையை எவரும் வைத்திருக்க முடியாது.

இனி நீங்களே செய்யுங்கள். அதே நூலாசிரியர் 1735 வரை வாழ்ந்தார் எனக் கொண்டு, 1730 இல் அந்நூலை அச்சிட யாருடைய அனுமதி தேவைப்பட்டிருக்கும், அந்த உரிமை எந்த ஆண்டில் முடிந்திருக்கும் என்பதைக் காரணங்காட்டி எழுதுக. 1769 ஆம் ஆண்டுத் தீர்ப்பு 1774 இல் மாற்றப்படாமல் இருந்திருந்தால் உமது விடை எவ்வாறு வேறுபடும் என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுக.